வலது ஓரத்தில் ஒரு ஒத்துக்காரர்

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கிட்ட, ஆனால் உங்கள் வலது கைப் பக்கம் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு உட்காருங்கள். ஏன் என்று இப்போதே கேட்காதீர்கள். எங்கள் வடுவக்குடியில் பஸ்ஸில் ஏறினாலும், கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தாலும், கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து சினிமா பார்த்தாலும் அப்படித்தான் இடம் விடுவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அவர்களும் இடது பக்கம் நகர்ந்துகொள்வார்கள்.

சிங்காரவேலு என்று ஒருத்தர் நாயனம் வாசித்தார். சாமி புறப்பாட்டில் அவர் தோடியை எடுத்தார் என்றால் தூக்குகிறவர்களுக்குத் தோள் வலி தெரியாது, தேரடியில் நிற்கிற மாடு அசை போடுவதை நிறுத்திவிடும். அவருக்கு ஒத்து ஊதினவர் பக்கிரி. ஒத்து என்றால் நாயனம் மாதிரியேதான் இருக்கும், ஆனால் விரலுக்கு வேலை கிடையாது; ஒரே சுருதியை, இழை அறாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சை இழுத்து இழுத்து, விடாமல் ஊதிக்கொண்டே இருக்கவேண்டும். நாயனக்காரர் நாயனத்தின் நாணல் சீவாளியை நனைத்து வாயில் வைப்பதற்கு முன்னால் ஒத்து தொடங்கிவிட வேண்டும், அவர் மங்களம் வாசித்து முடித்து நாயனத்தைக் கீழே இறக்கின பிறகுதான் ஒத்துக்காரர் வாயை எடுக்கலாம். அது அவர்கள் வழக்கம். ஒரு கல்யாணத்தில் நலங்கு நடக்கும்போது பக்கிரியின் காலில் தேள் கொட்டிவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கால் வீங்குகிறது, மனுஷன் வாயை எடுக்கவில்லை. மங்களம் முடிந்ததும்தான், என்னமோ கடிச்சுட்டுதுண்ணே, என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தார்.

இவ்வளவு செய்தும் பக்கிரி என்று ஒருத்தர் நிற்கிறதே யாருக்கும் தெரியாது. நம் மூச்சுச் சத்தம் நமக்குக் கேட்கிறதா, அந்த மாதிரி. அவர் பெண்சாதி அபயாம்பாளுக்கு மட்டும் கேட்கும். எங்கே எந்தத் தெருவில் சாமி வந்தாலும் அவள் நாயனத்தைக் கேட்கமாட்டாள், அதற்கு அடியில் ஓடுகிற ஒத்தைக் கேட்டு, இன்றைக்கு இவருக்குச் சளி கட்டியிருக்கு, மிளகு ரசம் வைக்கணும், என்று உள்ளே போய்விடுவாள்.

கடைத்தெருவில் இருதயராஜ் என்று ஒருத்தர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் வெட்டுக்கிறுக்கு. படம் என்பது எடுக்கிறதில் இல்லை, வெட்டுகிறதில் இருக்கிறது என்று காப்பிக் கிளப்பில் உட்கார்ந்து சொல்லுவார். கல்யாண ஜோடி படம் எடுக்கப் போனால் மாப்பிள்ளையின் பாதி காதைக் காணோம் என்பார்கள், அதுதாங்க படத்துக்கு உயிரு, காது இருந்தா கண்ணு அங்க போயிடும் என்பார். இருட்டறைக்கு வெளியே மேஜைமேல் ஒரு வெட்டுப் பலகை, அதன் ஓரத்தில் கீல் போட்ட நீளக் கத்தி. அது இறங்குகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

பட்டணத்துச் சபா ஒன்றிலிருந்து சிங்காரவேலுவைக் கச்சேரிக்குக் கூப்பிட்டு, நோட்டீஸில் போட ஒரு படமும் கேட்டிருந்தார்கள். இருதயராஜுக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலையெல்லாம் சாக்குப் போட்டு அடைத்தார், ஒரே ஒரு விளக்கை மட்டும் இடது பக்கம் உயரத்தில் கட்டினார், சாம்பிராணி போட்டுப் புகையை அந்த வெளிச்சத்தில் மிதக்க விட்டார், சிங்காரவேலுவின் கன்னத்தில் நல்லெண்ணெயைத் தொட்டுத் தடவி மினுங்க வைத்தார், நாயனத்தின் வாய் கேமரா முகத்துக்கு நேராகப் பெரிய கிணறு மாதிரி தெரியும்படி நீட்டச் சொன்னார், பாதி முகம் வெளிச்சத்தில் எரிய பாதி முகம் இருட்டுக்குள் போக, கழுத்து நரம்பு புடைக்க, ஊதுங்க என்றார்.

சிங்காரவேலு ஊதவில்லை. ஒத்து இல்லாமல் எப்படி ஊதுகிறது என்று கேட்டார். படத்துக்குத்தானே, சத்தமா விழப்போகுது என்று இருதயராஜ் கெஞ்சிப் பார்த்தார். சத்தம் விழாட்டி என்ன, வாய் வைக்கிறது நிஜந்தானே, சுருதி இல்லாம வச்ச வாயி படத்துல பொய்யாத்தான் தெரியும் என்று சிங்காரவேலு இறங்கி வரவில்லை. கடைசியில் பக்கிரியைக் கூட்டிவந்தார்கள். அவர் ஒத்தை எடுத்துக்கொண்டு, எங்கேங்க நிக்கட்டும் என்று கேட்க, எங்கேயாவது ஓரமா நில்லுங்க என்றார் இருதயராஜ். பக்கிரி படத்துக்கு வலது ஓரத்தில், தூணும் பூந்தொட்டியும் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் நின்று ஊதத் தொடங்கினார். சிங்காரவேலு கண்ணை மூடி ஆனந்தபைரவியில் ஒரு பிடி பிடிக்க, அது உச்சிக்குப் போய் நின்ற இடத்தில் இருதயராஜ் கேமராவின் ரப்பர் உருண்டையை அமுக்கினார்.

படம் அற்புதமாக வந்தது. இருதயராஜ் அதைப் பலகையில் வைத்தார். முதலில் மேலே வெட்டினார், அதில் சிங்காரவேலுவின் குடுமி நுனி போயிற்று. அன்றிலிருந்து அவர் குடுமியை எவ்வளவு இறுக்கி முடிந்தாலும் நிற்காமல் அவிழ்ந்துகொண்டே இருந்தது, அதை யாரும் பெரிசாக எடுக்கவில்லை. அப்புறம் வலது பக்கம் ஒத்துக்காரரின் உப்பின கன்னமும் ரெண்டு கையும் கண்ணை இழுக்குது என்று சொல்லி, கத்தியைத் தூக்கி, இறக்கினார்.

அந்த நேரத்தில் பக்கிரி தன் வீட்டில், மொச்சை உரித்துக்கொண்டிருந்த அபயாம்பாளுக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தச் சீவாளிய எடுத்து” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்கவில்லை. அவள் திரும்பினாள், அங்கே ஆள் இல்லை. ஒத்துச் சத்தம் மட்டும் தொடங்கியிருந்தது.

அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சத்தம் அவள் பார்வையின் வலது ஓரத்திலிருந்து வந்தது. சட்டென்று வலது பக்கம் திரும்பினால் வேட்டிக் கரை ஒன்று விலகுகிற மாதிரி, முழங்கை ஒன்று மறைகிற மாதிரி இருக்கும், அதற்குள் சத்தம் இன்னும் வலது பக்கம் போயிருக்கும். அவளுக்கு மட்டும் இல்லை, ஊரில் கண்ணு தெரிகிற ஒவ்வொருத்தருக்கும் அவரவர் பார்வைக்கு வலது ஓரத்தில், காட்சி முடிகிற இடத்துக்கு ஒரு விரற்கடை வெளியே, பக்கிரி நின்று ஊதிக்கொண்டிருந்தார். இருதயராஜ் பதறிப்போய் வெட்டிப் போட்ட துண்டைத் தேடி எடுத்துப் பிரித்துப் பார்த்தார், அதில் தூணும் பூந்தொட்டியும்தான் இருந்தன. காதில் வைத்தால் பக்கிரியின் அதே ரெண்டரைக் கட்டைச் சுருதியில் ரீங்கரித்தது. நெகட்டிவை எடுத்துத் திரும்பப் படம் போட்டார், அதிலும் தூண், பூந்தொட்டி.

ஊர் பழகிக்கொண்டது. முதலில் பெண்கள்தான் முறையிட்டார்கள்: ஆற்றில் குளிக்கும்போது ஓரத்தில் ஆம்பளை நின்றால் எப்படி, உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் அந்தண்டை போகச் சொல்லு என்று அபயாம்பாளிடம் சொன்னார்கள். அவர் எங்க போவாரு, நீங்க கண்ண மூடிக்கிட்டு முழுகுங்க என்றாள் அவள், அதுவே பழக்கமாகிவிட்டது. அப்புறம் எல்லாரும் வலது பக்கம் இடம் விட ஆரம்பித்தார்கள், பந்தியில் அந்த இடத்துக்கு ஒரு இலையும் போட்டார்கள், இலையில் வைத்தது ஆறித்தான் போகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் சுருதி விலகாமல் வந்தது. கீரைக்காரி கூவினால் ரெண்டரைக் கட்டை, பஸ் டிரைவர் ஹாரன் அமுக்கினால் அதற்கு மேல் பஞ்சமம். மாமியார் மருமகள் சண்டை போட்டால் ரெண்டு பேர் குரலும் கொஞ்ச நேரத்தில் சுருதியில் போய் உட்கார்ந்துகொள்ளும், கோபம் எங்கே விட்டோம் என்று தேடி, கிடைக்காமல், அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். பிறந்த குழந்தை கண்ணைத் திறந்ததும் தாயைப் பார்க்காது, வலது பக்கம் விழியை உருட்டும். சாவு வீட்டில், போனவரின் கண்ணை விரலால் மூடுகிற அந்தக் கணத்தில், சுற்றி நிற்கிறவர்களுக்குச் சத்தத்தில் ஒரு இழை குறைகிறது கேட்கும், கேட்டதும் பக்கத்தில் இருக்கிறவரின் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

படமோ எங்கெங்கேயோ போயிற்று. பாதி முகம் தீயாக, பாதி இருட்டாக, உப்பின கன்னத்தோடு சிங்காரவேலு காப்பிக் கிளப்பில் தொங்கினார், கோயில் மண்டபத்தில் தொங்கினார், பட்டணத்து நோட்டீஸில் நின்றார். சுருதி பிசகாத ஊர் என்று பெயர் பரவி, எங்கெங்கேயோ இருந்து வந்து வடுவக்குடியில் கல்யாணம் வைத்தார்கள். சத்திரத்துக்கு இடம் போதவில்லை.

அபயாம்பாள் தினம் வெந்நீர் வைத்துத் தன் வலது பக்கம் வைப்பாள். பேசுவாள். சளி எப்படி இருக்கு என்பாள், ஒத்து அதே மாதிரி ஓடும். உங்க அக்கா மகளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு என்று சொன்ன அன்றைக்கு மட்டும் சத்தம் லேசாகப் பருத்தது, அவளுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு. வாயை எடுக்க முடியாதவர் வேறு எப்படிப் பதில் சொல்வார் என்று அவள் அழுதாள்.

மார்கழி வந்தது. ஊர் பூராவும் சங்கீதத்தில் மிதக்க, அவளுக்கு ஒத்துக்குள் ஒரு கரகரப்பு கேட்டது. நூல் முடிச்சில் சிக்கினால் எப்படி இழுபடும், அந்த மாதிரி சத்தம் மூச்சு இழுக்கிற இடத்தில் சிக்கிச் சிக்கிப் போயிற்று. நாள் போகப்போக சிக்கல் கூடியது. ஊர்ப் பெரியவர்களிடம் போய், அவருக்கு மூச்சு தீருது, இப்படியே விட்டா செத்துப்போவாரு என்று சொன்னாள். அவர்கள் காதைத் தீட்டிக் கேட்டார்கள், நல்லாத்தானே இருக்கு என்றார்கள். ஊர்த்தலைவர் நயமாகச் சொன்னார்: “ஏம்மா, ஊருக்கே சுருதி ஆகி நிக்கிறாரு. எத்தன பேருக்கு இந்தக் குடுப்பினை கெடைக்கும்?”

“அந்தக் குடுப்பினைய ஒருநா நீங்க வாங்கிக்குங்களேன்,” என்றாள் அபயாம்பாள். “அவரு வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போவட்டும்.”

பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

சிங்காரவேலுவிடம் போனாள். அவர் அவிழ்ந்த குடுமியை முடிந்துகொண்டே, பக்கிரி என்கூடத்தானம்மாடி இருக்கான், ராத்திரி பகலா அவன் சத்தத்துலதான் சாதகம் பண்றேன், பட்டணத்துக் கச்சேரி முடியட்டும், அவன அழைக்க ஏதாவது பூசை போடலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் கரகரப்பு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வருகிற வழியில் காப்பிக் கிளப்பில் அந்தப் படத்தைப் பார்த்து நின்றாள். எல்லாரும் அதில் முகத்தைப் பார்ப்பார்கள், வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். அவள் கன்னத்தைப் பார்த்தாள். கன்னம் நிறையக் காற்று. அது என்றைக்குமே இறங்காத காற்று. வாயில் வைத்த சீவாளி வைத்தபடி இருக்கிறது, பிடித்த ஆனந்தபைரவி பிடித்தபடி உச்சியில் நிற்கிறது, எத்தனை சுவரில் தொங்குகிறதோ அத்தனை சுவரிலும் நிற்கிறது. இந்த மனுஷன் மங்களம் வாசிக்கவே இல்லையே, அப்புறம் என் மனுஷன் எப்படி வாயை எடுப்பார் என்று அவளுக்கு விளங்கிற்று. தேள் கொட்டினப்பவே எடுக்காத வாய்.

அவள் நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள். இருதயராஜ் அவளைப் பார்த்தாலே தலை குனிந்துகொள்வார். அவள் அதைக் கவனிக்காத மாதிரி, உங்க படம் ரொம்ப நல்லாருக்குண்ணே, பக்கத்து ஊரு ஸ்டூடியோக்காரங்ககூட இப்ப ஒரு வெளக்கு கட்டி, எண்ணெ தடவி, அதே மாதிரி எடுக்கிறாங்களாம் என்றாள்.

இருதயராஜ் தலை நிமிர்ந்தது. எடுப்பானுங்க, எடுப்பானுங்க என்றார்.

“ஊதுற மூஞ்சிய யாரு வேணா எடுத்துடலாம்ணே. ஊதி முடிச்ச மூஞ்சிய எவன் எடுத்திருக்கான்? மங்களம் முடிஞ்சு நாயனத்த எறக்கினதும் ஒரு முகம் வரும் பாருங்க, அப்பதான் பெத்துப் போட்டவ மாதிரி. அத எடுக்கக் கண்ணு வேணும்.”

இருதயராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு சிங்காரவேலு வீட்டுக்கு ஓடினார். பட்டணத்துக்குப் போக இன்னும் ஒசத்தியான படம் என்று அவர் சொன்னதில் சிங்காரவேலு மறுநாள் மத்தியானமே பட்டுத் துண்டோடு வந்து நின்றார்.

இந்தத் தடவை ஒத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை, அது அங்கேயே, அறையில் இருந்த மூன்று பேருக்கும் மூன்று வலது ஓரத்தில், சிக்கிச் சிக்கி ஓடிக்கொண்டிருந்தது. அபயாம்பாள் ஒரு முக்காலியைத் தூக்கிவந்து படத்தில் சிங்காரவேலுவுக்கு வலது பக்கம் வருகிற மாதிரிப் போட்டு, அதன்மேல் துவைத்த துண்டு ஒன்றை மடித்து வைத்தாள். இருதயராஜ் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தலைகீழாகத் தெரிகிற படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, காலி முக்காலி இருக்கக் கூடாது, கண்ணை இழுக்குது, அதை வெட்டிடுவேன் என்றார்.

காலியா இருக்கறதாலதாண்ணே இழுக்குது என்றாள் அவள். முக்காலிக்கு அந்தண்டை ஒரு ஆளு நின்னா பாரம் சமமாயிடும், நான் நிக்கலாம், ஆனா நான் கட்டை, ஒசரமான ஆளா இருந்தா தேவல.

இருதயராஜ் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அவள் சொல்வது சரியாகத்தான் இருந்தது, படம் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. உயரமான ஆளுக்கு எங்கே போவது என்று அவர் யோசிக்கிறபோதே அவள் நீளமான ரப்பர்க் குழாயை அவிழ்த்து, உருண்டையை அவர் கையில் கொடுத்து, அவரையே கொண்டுபோய் முக்காலிக்கு அந்தப் பக்கம், தூணும் பூந்தொட்டியும் வரைந்த இடத்தில், படத்தின் கடைசி ஓரத்தில் நிறுத்தினாள். ரெண்டு விரல் இந்தண்டை வாங்க, ம், அதான் என்றாள். அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

சிங்காரவேலு மங்களத்தை எடுத்தார். வெறும் படத்துக்குத்தான் என்று எடுத்தவர், நடுவில் கண்ணை மூடிக்கொண்டார், ஏனென்றால் அவருக்கும் இப்போது கேட்டது: அந்தக் கரகரப்பு, ஒவ்வொரு மூச்சுக்கும் பின்னால் அடுத்த மூச்சு வருமா வராதா என்கிற அந்த இடைவெளி. அவர் வழக்கமாக இழுக்கிற இழுப்பை இழுக்கவில்லை. நேரே முடித்தார். நாயனத்தை இறக்கி மடியில் வைத்தார், சீவாளி வாயை விட்டு விலகினது, கன்னம் ரெண்டும் வடிந்து தொங்கின, ஒரு கிழவனின் முகம் வந்தது. இருதயராஜ் அமுக்கினார்.

ஒத்து கொஞ்சம் ஓடிற்று. அப்புறம் நின்றது.

வெளியே கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நடந்த இடத்தில் நின்றார்கள். இத்தனை நாளும் கேட்காமல் போயிருந்த ஆறு கேட்டது. தராசுத் தட்டு இடிக்கிற சத்தம், ஈ பறக்கிற சத்தம், எல்லாம் தனித்தனியாக, பிடிமானம் இல்லாமல் கேட்டது. எங்கேயோ ஒரு குழந்தை சுருதி தப்பி அழுதது, அதைக் கேட்டு ஊரே பயந்து வலது பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே அவரவர் வீட்டுச் சுவரும் மரமும் மாடும்தான் இருந்தன.

“தண்ணில போடு, காஞ்சு கெடக்கு,” என்று பக்கிரி சொன்னார்.

அவர் முக்காலியில் உட்கார்ந்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். மார்புக்கூடு தெரிய மெலிந்து போயிருந்தார், உதடு ரெண்டும் வெந்த மாதிரி இருந்தது. சீவாளியைப் பற்றி அன்றைக்குத் தொடங்கின வாக்கியத்தை முடித்ததைத் தவிர அவருக்கு நடுவில் வேறொன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அபயாம்பாளை அவர் நேராகப் பார்க்கவில்லை, கொஞ்சம் இடது பக்கம் பார்த்துத்தான் பேசினார். ஓரத்திலிருந்தே பார்த்துப் பழகின கண், கடைசி வரைக்கும் அப்படியே இருந்துவிட்டது. சிங்காரவேலு அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, தேள் கொட்டின இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

இருதயராஜ் படத்தைக் கழுவி எடுத்துவந்தார். மடியில் நாயனத்தோடு சிங்காரவேலு, முக்காலியில் பக்கிரி, ஓரத்தில் இருதயராஜ். ஈரம் காயவில்லை, அதற்குள் கை பழக்கத்தில் படத்தைப் பலகைமேல் வைத்தார், பழக்கத்தில் கத்தியைத் தூக்கினார், வலது பக்கம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்று கண் சொன்னது, கத்தி இறங்கப்போனது. அப்போதுதான் அந்த ஓரத்தில் நிற்கிறது யார் என்று பார்த்தார். கத்தியைத் தூக்கின கை தூக்கினபடியே நின்றது. எண்ணெய் தடவாமலே அவர் முகம் வேர்த்து மினுங்கிற்று.

“வெட்டலியாண்ணே?” என்றாள் அபயாம்பாள்.

அந்தப் படம் வெட்டாமல் முழுசாக, நாலு பக்கமும் வெள்ளை ஓரத்தோடு, ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் ஏறிற்று. மாட்டினவளும் அபயாம்பாளேதான். இருதயராஜ் அதற்கப்புறம் யார் காதையும் வெட்டவில்லை. ஊரில் வெகுநாள் வரைக்கும் எல்லாருக்கும் குரல் கட்டையாக, ஒட்டாமல் இருந்தது, சண்டைகள் திரும்ப வந்தன, வலது பக்கம் இடம் விடுகிறது மட்டும் போகவில்லை. இருதயராஜ் வேலை நடுவே திடீரென்று தோளை உதறித் திரும்பிப் பார்ப்பார், பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். எதற்கு என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அபயாம்பாள் தினமும் பூ வாங்க அந்த வழியாகத்தான் போவாள். போகும்போது அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் ஒரு நொடி நின்று, படத்தின் வலது ஓரத்தில் இருதயராஜின் தோள் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கண்ணாடிமேல் விரலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள்.